கை கொடுக்காத கரை

எங்கள் கரையில் தனியாளாகப் படகை மேலேற்ற முடியாது, ஐயா. அலை முதுகில் அடிக்கும், மணல் காலை இழுக்கும். அதனால் யார் படகு வந்தாலும் கரையில் நிற்பவர்கள் ஓடிப்போய்க் கை கொடுப்போம். பங்காளிச் சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சின்னக் கண்ணி வலை போட்டுக் குஞ்சு மீனையெல்லாம் வாரிவிட்டால் நாளைக்கு எதைப் பிடிப்பது? சங்கத் தலைவன் என்ற முறையில் நான்தான் தடை கொண்டுவந்தேன். மீறுகிறவன் படகுக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது என்று ஊரே ஒப்புக்கொண்டது. முதலில் மீறியவன் என் தங்கை புருஷன். "மச்சான் கடலுக்குள்ள போய் ஒவ்வொரு மீனுக்கும் பேரு வச்சுட்டு வந்திருக்காரு" என்று கூட்டத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சொந்தக்காரன் என்று விட்டால், ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று ஊர் பேசும். அவன் படகுக்குக் கை நின்றது.

அன்று காற்று திடீரென்று மாறியது. இடுப்பளவு தண்ணீரில் அவன் படகு புரண்டு, அவன் கால்மேலேயே விழுந்தது. நாலு பேர் தூக்கினால் போதும். ஒருவன் ஓடக் கிளம்பினான். நான் அவனை முறைத்துப் பார்த்தேன், நின்றுவிட்டான். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"கூட்டத்துல பேசிக்கலாம்மா" என்றேன்.

அவள் மட்டும் தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் படகைத் தூக்கிப் பார்த்தாள். அடுத்தடுத்து அலை வந்தது. பிறகு அவன் தலை தெரியவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் படகை இழுத்தாலும் கயிற்றில் கூடுதலாக ஒரு கை இருக்கிறது. அது கடல் பக்கமாக இழுக்கிறது. மற்றவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள். பயமாக இருக்கிறது, ஐயா.

ஊர்க்காரர்கள்மேல் வழக்குப் போடாதீர்கள், ஐயா. அவர்கள் என் வார்த்தையை நம்பி நின்றவர்கள். படகு புரண்டதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் என் வீட்டுக்கு வந்து, "வலையை மாத்திட்டேன் மச்சான், வந்து பாருங்க" என்றான். போய்ப் பார்த்தேன். பெரிய கண்ணிதான். தடையை எடுத்திருக்க வேண்டும். இன்னும் ஒரு நாள் தனியாக இழுத்துத் திண்டாடட்டுமே என்று நினைத்தேன்.

கரையில் தங்கை கத்தியதும் அதைத்தான்: "அவரு வலையை மாத்திட்டாருன்னு சொல்லுண்ணே!" உண்மையா என்று எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இல்லை என்று தலையாட்டினேன்.