மஞ்சள் அட்டை

நவம்பர் 14.

நாளுக்கு ஒரு தவறையாவது ஒளிக்காமல் எழுதும்படி பணியாளர்களுக்கான மாலை வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய தவறு சிறியது. எங்களிடம் இருந்த தோர்லெய்வ் என்ற முதியவரின் காபியில் கெட்டிப்படுத்தும் மாவை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுவிட்டேன். அவர் அதைக் குடிக்கவில்லை. அதனால் பாதகமில்லை.

பக்கவாதம் வந்து எங்கள் முதியோர் இல்லத்துக்கு வருகிறவர்களால் விழுங்க முடிகிறதா என்று பார்ப்பது என் வேலை. நிமிர்த்தி உட்காரவைத்து, தொண்டையின் வெளிப்புறம் விரல் வைத்து, சிறு கரண்டியால் தண்ணீர் கொடுப்பேன். பிறகு அரை டம்ளர். பிறகு "ஆ" சொல்லச் சொல்வேன். இருமினாலோ, குரலில் ஈரம் கேட்டாலோ, கட்டிலுக்கு மேலே மஞ்சள் அட்டை மாட்டுவேன். அதன்பின் தண்ணீர்கூட அந்த மாவு கலந்து கூழாகத்தான்; வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடலாம்.

மார்ச்சில் போர்கில் என்ற மூதாட்டி இருமவே இல்லை. அட்டை வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார். சிலருக்கு நுரையீரலுக்குள் தண்ணீர் போனாலும் இருமல் வராது, உன்மேல் தவறில்லை என்றார் மருத்துவர். அன்றிலிருந்து என் காதை நான் நம்புவதில்லை.

தோர்லெய்வ் வடக்கே லொஃபோட்டன் தீவுக் கடலில் மீன் பிடித்தவர். அட்டை மாட்டியபின் கொடுத்த முதல் கோப்பையிலேயே கரண்டியை நட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, இது காபியா, படகுக்குப் பூசற தாரா?"

"உங்க நல்லதுக்குத்தான், தோர்லெய்வ்."

"நல்லாத்தானே முழுங்கினேன். இருமினேனா, சொல்லு?"

"அடுத்த வாரம் மறுபடி பார்க்கலாம்."

அடுத்த வாரமும் பார்த்தேன். அதற்கடுத்த வாரமும். அட்டை அங்கேயே இருந்தது. பிறகு அவர் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார்.

"தண்ணி குடு பொண்ணே. வெறும் தண்ணி. ஒரு வாய்."

கூழை நீட்டினால் உதட்டை மூடிக்கொண்டார். ஊசி வழியாக நீர் ஏற்ற வந்தபோது கையை இழுத்துக்கொண்டார். உதடு வெடித்தது, நாக்கு வறண்டது. ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டேன். பஞ்சை அவர் சப்பினார். சப்பியதைச் சரியாக விழுங்கவும் செய்தார். நான் பஞ்சை எடுத்துவிட்டேன்.

இன்று மதியம் போய்விட்டார். இறப்புக்குக் காரணம் வயது, பக்கவாதம் என்று மருத்துவர் எழுதினார். உடை மாற்றும் அறையில் கூட வேலை செய்யும் ஹெர்டிஸ் என் தோளைத் தட்டினாள்.

"மார்ச்சுக்கப்புறம் உன் கையில யாருக்கும் சளி கட்டலையே. எப்படிடி?"

"ஜாக்கிரதையா இருக்கேன்," என்றேன். அது பொய்யில்லை. மார்ச்சுக்குப் பிறகு நான் சோதித்த யாரையும் சோதனையில் தேறவிட்டதில்லை. அவர்களில் தோர்லெய்வைப் போலக் குடிப்பதை விட்டவர்கள் வேறு சிலரும் உண்டு. அவர்கள் யாரும் இருமிச் சாகவில்லை.

தோர்லெய்வால் விழுங்க முடியும் என்பது முதல் நாளே என் விரலுக்குத் தெரிந்தது. விரலை மட்டும் நம்பி ஓர் உயிரோடு விளையாட முடியுமா?

நாளை காலை உணவுக்கு முன், ஜன்னலோரக் கட்டிலுக்கு புதிதாக வந்திருக்கும் ஓடில் என்பவருக்குச் சோதனை. அட்டையை இன்று மாலையே மாட்டிவிட்டேன்.