பேரிங்தான் என்று நான் சொன்னேன்

ஓடுகிற எஞ்சினில் பெல்ட் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும், ஐயா. கீச்சொலி ஒரு கணம் அடங்கினால் கோளாறு பெல்ட்டில். அடங்காவிட்டால் பேரிங்கில். குமாசி நகரில், எங்கள் சுவாமே பேட்டைப் பட்டறைகளில் எல்லோருக்கும் இது தெரியும். ஆனால் ஒரே தடவையில் நம்புகிறவன் இல்லை நான். டிரைவர் ஓடுரோவின் பழைய டீசல் வேனில் திரும்பத் திரும்பத் தெளித்தேன், கீச்சொலி அடங்கவில்லை. பிறகு நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை டைனமோவில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தேன். உள்ளே மணல் அரைபட்டது.

"பேரிங் போச்சுண்ணே. டைனமோவ இறக்கணும்."

முந்தைய மாதம் தண்ணீர் பம்ப் என்று சொல்லி மாற்ற வைத்தவனும் நான்தான். அப்போது சத்தம் போகவில்லை. ஓடுரோ அதை மறக்கவில்லை.

"போன மாசம் பம்புன்ன, இப்ப பேரிங்கா? அடுத்த மாசம் என் பொண்டாட்டிய மாத்தச் சொல்லுவியா தம்பி? பெல்ட்டுக்குச் சோப்பு போடு. மிச்சத்த உன் காதுல போட்டுக் கழுவு."

பட்டறையே சிரித்தது. வாசலில் கென்கே, அந்தச் சோள உருண்டை விற்கிற அம்மாகூட.

அன்று சனிக்கிழமை. மலைமேல் மாம்போங்கில் ஒரு சாவுச் சடங்கு. கத்துகிற வேனில் யாரும் ஏற மாட்டார்கள். அவருக்கு வேண்டியது அமைதி; கொடுத்தேன். பெல்ட்டைத் தளர்த்தினேன். பாரம் குறைந்தால் பேரிங் முனகாது. தளர்ந்த பெல்ட் வழுக்கிக் கீச்சிடும். அதற்கு மஞ்சள் சோப்பு.

"பாத்தியா, பெல்ட்டுதான்" என்று என் முதுகில் தட்டினார். நான் மறுக்கவில்லை.

அந்த வேனில் பிரேக்குக்குத் துணை செய்யும் காற்று பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. பேரிங் இறுகினால் பெல்ட் அறும். பெல்ட் அறுந்தால் பிரேக் பெடல் கல்லாகிவிடும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. இதை அவர் கேட்கவில்லை. என் காதைக் கழுவச் சொன்னவருக்கு நான் ஏன் கேட்காததைச் சொல்ல வேண்டும்? போகும்போது ஏற்றம், தாங்கிவிடும். வரும்போதுதான் மலையிறக்கம். அதையும் யோசித்தேன். நான் அவசரப்படுகிறவன் இல்லை.

ஓட்டிப் பார்க்கிற சாக்கில் வேன் ஸ்டாண்ட் வரை கூடவே போனேன். சாவுக்கென்று கறுப்பும் சிவப்பும் உடுத்தியவர்கள் ஏறினார்கள். ஒரு பெண் படியில் கால் வைத்தபடி கேட்டாள்: "தம்பி, வண்டி நல்லாருக்கா?"

"சத்தமே இல்லையேம்மா" என்றேன். அது பொய்யில்லை.

நீங்கள் விபத்து அறிக்கையில் 'பிரேக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டறையில் 'வேகம்' என்கிறார்களாம். இரண்டும் தவறு. வேன் உங்கள் போலீஸ் வளாகத்தில்தானே கிடக்கிறது? டைனமோவின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், சுற்றாது. பதினொரு பேர் போய்விட்டார்கள், தெரியும். நான்தான் அனுப்பினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பேரிங் என்றும் எழுதுங்கள். சிரித்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து வந்து சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓடுரோ அண்ணனும் இருந்திருந்தால் நன்றாயிருக்கும்.