புதன் ராத்திரி மூணு மணி

இருங்க பெரியவரே, அந்த ஜாதகத்த மடிச்சுப் பையில வெச்சுடாதீங்க. பொண்ணுக்கு மூல நட்சத்திரம், மாமனாருக்கு ஆவாது, இந்தச் சம்பந்தம் வாணாம். அதான சொல்ல வந்தீங்க? மாமனாரே நீங்கதான், பயம் இருக்காதா. நாகபூஷணம் ஜோசியரு துன்னுட்டு வர அரை மணி ஆவும். அதுக்குள்ள நான் ஒண்ணு சொல்லிடுறேன்.

அந்தப் பேப்பரு தப்பு.

கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுதான். ப்ரோக்ராம் எழுதினவன் பண்ணுவான். எழுதினவன் நான்தான், தொண்ணூத்தி நாலுல. அப்ப திருப்பதில கம்ப்யூட்டர் ஜாதகம்னா ஒரு தனி மரியாத.

ப்ரோக்ராம்ல அஞ்சுன்னு எழுதினா, அது அஞ்சுதான்னு கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லிக் குடுக்க வாணாம். பாத்ததும் எடுத்துக்கும். அத லிட்டரல்னு சொல்லுவோம். ஆனா புதன் ராத்திரி மூணுன்னு எழுதினா முழிக்கும். நம்ம ஜோசியரு அப்படித்தான் எழுதுவேன்னு அடம். நான் படிச்ச கம்ப்யூட்டர் மொழில ஒரு வசதி இருந்துச்சு, மேக்ரோன்னு பேரு. ஹேஷ் குறி போட்டு எது வந்தாலும் நீ படிக்காத, எங்கிட்ட குடு, நான் தேதியா மாத்தித் தரேன்னு அந்த மொழிக்கே சொல்லிடலாம். சொன்னேன். ஜோசியரு ஒரு மாசம் என்ன வாங்க போங்கன்னு கூப்ட்டாரு.

அவுருக்குச் சூரியன் வந்தாத்தான் அடுத்த நாள். புதன் ராத்திரி மூணுன்னா, காலண்டர்ல அது வியாழன் ஆயிடுச்சு. அதனால விடியறதுக்கு முன்ன எந்த மணி வந்தாலும் ஒரு நாள் கூட்டிக்கோன்னு மேக்ரோல எழுதினேன். வூட்ல பொறந்தவங்களுக்கு அது சரி. ஆஸ்பத்திரிச் சீட்டுல பன்னண்டு அடிச்சதுமே தேதிய மாத்திடுறாங்களே. அங்கயும் என் மேக்ரோ ஒரு நாள் கூட்டுச்சு.

இந்தப் பொண்ணு காஞ்சனா பொறந்தது ஆஸ்பத்திரில. சீட்டுல புதன், மூணு பத்து. ஜோசியரு அதையே ஹேஷ் போட்டு எழுதிட்டாரு. அது வியாழனாப் போயி, கேட்டை மூலமாயிடுச்சு.

கேட்டையா? மச்சாண்டாருக்கு ஆவாதும்பாங்க. உங்க பையன் கோபிகிருஷ்ணன்தான் மூத்தவரு, அண்ணன் கிடையாது. பர்வாலேதுங்க, பயமில்ல.

பொண்ணு வூட்ல எனக்கு எதுனா குடுத்தாங்களான்னு கேக்குறீங்க. ஒரு டீ கூட இல்லீங்க. இந்தாங்க, ஆஸ்பத்திரிச் சீட்டு. பஞ்சாங்கம் அந்த அலமாரில கீது, நீங்களே பாருங்க.

பாத்தீங்களா.

எப்பத் தெரியும்னா, ரெண்டு வருஷம் ஆவுது. என் தங்கச்சி கொழந்தைக்குப் போட்டுப் பாத்தேன், பஞ்சாங்கத்தோட ஒத்து வரல. அன்னிக்கே மேக்ரோவத் திருத்திட்டேன். கூடப் படிச்சவங்கள்லாம் ரெண்டாயிரமாவது வருஷத்துத் தேதியச் சரி பண்ண அமெரிக்கா போய்க்கினு இருந்தாங்க, நான் இங்க ஒரு நாளச் சரி பண்ணிகினு இருந்தேன். தப்பான ஜாதகம் பதினெட்டு. பதினேழு வூட்டுக்கு நானே பஸ்ஸேறிப் போயி வேற பேப்பரு குடுத்துட்டு வந்தேன்.

ஆமா, பதினேழுதான். காஞ்சனா வூட்டுக்குக் குடுக்கல.

தூரம்லாம் இல்லீங்க. எங்க ஊரு பாகாலாதான், அவங்க வூடு ரெண்டாவது தெரு.

மூலம்னு சொல்லி ஆறு இடம் தட்டிப் போச்சு. அப்பால அவங்க, மாமனாரு இல்லாத வூடாப் பாக்க ஆரம்பிச்சாங்க. மூல நட்சத்திரத்துக்கு அதான வழக்கம். எனக்கு நைனா இல்ல. மூணு வயசுலயே போயிட்டாரு.

போன வெள்ளிக்கிழம தட்டோட எங்க வூட்டுக்கு வந்தாங்க. எங்கம்மா காபி போட உள்ள போச்சு. காஞ்சனா எங்கிட்ட வந்து, பெங்களூரு ஆபீஸ்ல கூட வேல செய்யிற உங்க பையன் பேரச் சொல்லி, அவங்க நைனா ஜாதகத்த நம்புறவரு, கம்ப்யூட்டர்ல எதுனா வழி இருக்குமான்னு கேட்டுச்சு.

இருக்குன்னேன்.