லோரிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள்

என் பெயர் புனிதவதி த/பெ கந்தையா. வயது அறுபத்தாறு. ஓய்வு பெற்ற அரசாங்க எழுத்தர். முகவரி: எண் 27, ஜாலான் செம்பாக்கா 3, தாமான் செம்பாக்கா இண்டா, காப்பார், கிள்ளான். எனக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்றாலும் இந்த விஷயத்தைத் தமிழில் சொல்வதே வசதி என்று நான் கேட்டுக்கொண்டதால், போலீஸ் சார்ஜன் ஜெயராஜ் நான் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொள்கிறார். பிறகு இது மலாயில் மொழிபெயர்க்கப்படும் என்று எனக்குச் சொல்லப்பட்டது.

நான் மேற்படி வீட்டில் தனியாக வசிக்கிறேன். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் இந்துஜா திருமணமாகி செமினியில் இருக்கிறாள். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், முன்பு செம்பனைத் தோட்டமாக இருந்த நிலத்தில் கட்டப்படும் தரவு மையத்தின் குத்தகை நிறுவனத்தில் அவள் மக்கள் தொடர்பு அதிகாரியாக வேலை செய்கிறாள். அந்த வேலை கிடைத்தபோது, இனி வாரத்தில் சில நாட்களாவது என் வீட்டில் வந்து சாப்பிடுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இந்த வழக்கில் கைது செய்யப்பட்டிருக்கும் திரு. கிரிகரி எனக்கு அடுத்த வீட்டுக்காரர். அவர் என்னைவிட மூத்தவர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய மகன் மெல்பர்னில் இருக்கிறார். அவருடைய மனைவி சூசனுக்கு நுரையீரல் நோய் இருந்ததால் வீட்டில் எந்நேரமும் ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி என் அறைக்கும் கேட்கும்.

சென்ற ஆண்டு கடும் வெயில் காலத்தில் ஒரு நாள் மதியம் தாமான் முழுவதும் மின்சாரம் போனது. இயந்திரம் நின்றதும் திரு. கிரிகரி மாற்று சிலிண்டரை மாட்டினார். மின்சாரம் வரவில்லை. சிலிண்டர் தீரும் நேரத்தில் அவர் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட முச்சந்திக்கு ஓடினார். நான் சூசன் பக்கத்தில் உட்கார்ந்து நாளிதழால் விசிறிக்கொண்டிருந்தேன். சூசன் என்னிடம், "அக்கா, ஃபேனைக் கொஞ்சம் வேகமா வைங்க" என்று சொன்னார். சரி என்று சொல்லி வேகமாக விசிறினேன். அதன் பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. மறுநாள் சூசன் மருத்துவமனையில் இறந்தார்.

வெயிலில் எல்லா வீட்டிலும் ஏர்கோன் ஓடியதால் பளு தாங்காமல் மின்மாற்றி பழுதாகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். தரவு மையத்துக்காக எங்கள் மின்சாரத்தை இழுத்துக்கொள்கிறார்கள் என்று தாமானில் பேசிக்கொண்டார்கள். இதில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு, இந்த ஆண்டு தொடக்கத்தில், தரவு மையத்துக்கென்று எங்கள் திடலை ஒட்டித் துணை மின்நிலையம் ஒன்று கட்டப் போவதாக அறிவிப்பு வந்தது. அது குறித்து பாலாய் ராயா மண்டபத்தில் குடியிருப்பாளர் கூட்டம் நடந்தது. மேடையில் இருந்தவர்களில் என் மகளும் ஒருத்தி. கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வருவாள் என்று நான் காலையிலேயே இடியப்பமும் சொதியும் செய்து மூடி வைத்துவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

கூட்டத்தில் சத்தம் அதிகமாக இருந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் லோகன் எழுந்து, "சைட் வேலைக்காரங்க எல்லாம் என் கடையிலதான் சாப்பிடறாங்க. நம்ம பிள்ளைங்களுக்கும் வேலை வருது. டேட்டா சென்டர் வேணாம்னா கையில இருக்கிற போனையும் கீழ வைங்க லா" என்று சொன்னார். குடியிருப்பாளர் சங்கத் தலைவர் இராமலிங்கம், "வீட்ல ஃபேன் ஓடலன்னா அந்தப் போனை வச்சு விசிறிக்கவா?" என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். திரு. கிரிகரி சிரிக்கவில்லை. அவர் எழுந்து, தன் மனைவியின் இயந்திரம் நின்ற நாளைப் பற்றிச் சொல்லி, அன்றைக்கு அந்த மின்சாரம் எங்கே போனது என்று கேட்டார். என் மகள் மைக்கை வாங்கி, "அங்கிள், உங்க இழப்புக்கு நாங்க ரொம்ப வருந்தறோம். ஆனா எங்க சைட்டுக்கு இன்னும் கரண்ட் கனெக்ஷனே கொடுக்கல" என்று பதில் சொன்னாள். அவள் மரியாதையாகத்தான் பேசினாள். சூசன் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவள் அவள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவள் பின்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்த பிறகு, அதிகாரிகளோடு போக வேண்டியிருப்பதால் வர முடியவில்லை என்று அவள் குறுஞ்செய்தி அனுப்பினாள். மறுநாள் அந்தச் சொதியைச் சூடாக்கி, இடியப்பத்தோடு வேலிக்கு மேலாகத் திரு. கிரிகரியிடம் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "உங்க மக நல்லாப் பேசினா, சிஸ்டர்" என்றார். அவர் என்னை எப்போதும் சிஸ்டர் என்றுதான் அழைப்பார். அதற்குள் இந்துஜா என் மகள் என்பது சங்கத்துக்குத் தெரிந்துவிட்டதால், என்னைத் தாமான் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கியிருந்தார்கள். அதன் பிறகு கடைத்தெருவில் பார்த்தாலும் சிலர் என்னோடு பேசுவதில்லை. திரு. கிரிகரி மட்டும் தினமும் மாலையில் வேலியருகே நின்று கொஞ்ச நேரம் பேசுவார். மழை பெய்தால் பேச முடியாது.

அதன் பிறகு, துணை மின்நிலையத்துக்கான பெரிய மின்மாற்றி போர்ட் கிள்ளானிலிருந்து சனிக்கிழமை காலை எங்கள் தாமான் சாலை வழியாக வரப்போகிறது என்றும், தாமான்காரர்கள் எல்லோரும் முச்சந்தியில் உட்கார்ந்து அதை மறிக்கப் போகிறார்கள் என்றும் திரு. கிரிகரி வேலியருகே என்னிடம் சொன்னார். என்னை வரச் சொல்லவில்லை. நானும் வருவதாகச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நான் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். தேவாலயத்துக்குப் போகும்போது போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். நெடுநேரமாகியும் கூட்டத்தின் சத்தம் ஏதும் கேட்காததால், நான் ஃபிளாஸ்கில் தேநீர் எடுத்துக்கொண்டு முச்சந்திக்குப் போய்ப் பார்த்தேன். அவர் நடுச்சாலையில் தனியாக உட்கார்ந்திருந்தார். வேறு யாரும் இல்லை. மோட்டார் சைக்கிள்களும் கார்களும் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

மறியல் திட்டம் கைவிடப்பட்ட விவரம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தாமானுக்குப் புதிய மின்மாற்றி வைத்துத் தருவதாகச் சங்கத்துக்கு அதிகாரிகள் முந்தின நாள் உறுதி கொடுத்ததால் அது வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதைப் பற்றி நான் திரு. இராமலிங்கத்திடம் கேட்டபோது, "வாட்ஸ்அப்ல போட்டோம்லா, ஆன்டி. அவர் பார்க்கலன்னா நாங்க என்ன செய்றது?" என்று சொன்னார். சூசன் இறந்ததிலிருந்து திரு. கிரிகரி மகனுடைய அழைப்புக்கு மட்டுமே கைபேசியை எடுப்பார். அவர் வீட்டுக் கதவை யாரும் போய்த் தட்டவில்லை.

நான் அவரிடம் தேநீரைக் கொடுத்தேன். அவர், "எல்லாரும் வந்துகிட்டிருப்பாங்க, சிஸ்டர். வெயிலா இருக்கு, அதான் லேட்டு" என்று சொன்னார். நான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சமையலறை நாற்காலியை எடுத்துவந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவர், "நீங்க போங்க. உங்க மக வேலைக்குப் பிரச்சினை" என்றார். "உங்களைத் தனியா உக்காரவச்சுட்டு வீட்ல போய் நான் என்ன செய்யப் போறேன்?" என்று நான் சொன்னேன். மின்சாரத்துக்காகவோ தரவு மையத்தை எதிர்த்தோ நான் அங்கே உட்காரவில்லை என்பதைத் தெளிவாக எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு மின்மாற்றியை ஏற்றிய நீண்ட லோரி, முன்னும் பின்னும் வழிகாட்டு வாகனங்களோடு வந்து எங்கள் எதிரே நின்றது. ஹாரன் அடித்தார்கள். நாங்கள் எழுந்திருக்கவில்லை. ஓட்டுநர், மலாய்க்கார இளைஞர், இறங்கிவந்து வெயிலாக இருக்கிறது, மரத்தடிக்குப் போங்கள் என்று மலாயில் பணிவாகச் சொன்னார். அவர் எங்களைத் திட்டவில்லை.

அதன் பிறகு என் மகள் இந்துஜா பாதுகாப்புத் தொப்பியோடு காரிலிருந்து இறங்கி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு பக்கத்தில் வந்து தார்ச்சாலையில் மண்டியிட்டு, "அம்மா, எழுந்திரிங்க. எல்லாரும் வீடியோ எடுக்கறாங்க" என்றாள். நான், "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். அவள் முகம் மெலிந்திருந்தது. நான் அவளை அவ்வளவு அருகில் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் திரு. கிரிகரி பக்கம் திரும்பி, "அங்கிள், நான் மேடையில பொய் சொல்லல. ஆன்டி போன அன்னிக்கு எங்க சைட்ல ஒரு பல்பு கூட எரியல" என்று சொன்னாள். அதற்கு அவர், "தெரியும்மா. நான் போய் விசாரிச்சேன்" என்றார். "பின்ன ஏன் அங்கிள் இங்க உக்காந்திருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். அவர் அந்த லோரியைப் பார்த்தார். "கரண்ட் ஆபீசுக்குப் போனேன், வெயில்னு சொன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனேன், வியாதின்னு சொன்னாங்க. நான் யார் வாசல்லம்மா போய் உக்கார்றது?" என்று கேட்டார். என் மகளும் எழுந்திருக்கவில்லை.

அந்த நேரத்தில் வழிகாட்டு வாகனத்திலிருந்து வந்த ஒருவர் பின்பக்கமாக வந்து திரு. கிரிகரியின் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். திரு. கிரிகரி பின்புறமாகக் கீழே விழுந்தார். அவருடைய வெள்ளைச் சட்டை முழங்கையில் கிழிந்தது. அவர் எழுவதற்காக நாற்காலியைப் பிடித்தார். அவர் அதைத் தூக்கியபோது அதன் கால் அந்த நபரின் வாயில் பட்டு ரத்தம் வந்தது. அடிக்கவேண்டும் என்று தூக்கினாரா, எழுந்து நிற்கத் தூக்கினாரா என்று சார்ஜன் என்னிடம் கேட்டார். அதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவர் கோபமாக இருந்தார். அதையும் சொல்லவேண்டும். ஆனால் முதலில் இழுத்தது அந்த நபர்தான். அதை என் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு போலீஸ் வந்து திரு. கிரிகரியை அழைத்துச் சென்றது. என்னைப் பார்த்த போலீஸ்காரர், "ஆன்டி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று மட்டும் சொன்னார். என் மகள் என்னைக் காரில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டாள். இரண்டு நாற்காலிகளும் சாலையோரத்திலேயே கிடந்தன. லோரி எங்கள் வீட்டைக் கடந்து போனபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது போய்ச் சேரும்வரை அவள் என்னோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது, "யார் கேட்டாலும் டீ கொடுக்கப் போனேன்னு சொல்லுங்கம்மா. அது பொய் இல்லையே" என்றாள். அவள் என்னைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னாள். அவள் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை. இங்கே வருவதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்று நானாகவே வாடகைக் காரில் இந்த நிலையத்துக்கு வந்தேன். திரு. கிரிகரி கொடுத்துள்ள வாக்குமூலத்தில், சாலையில் உட்கார்ந்தது தான் ஒருவர் மட்டுமே என்றும், பக்கத்து வீட்டுப் பெண்மணி தேநீர் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டார் என்றும், இரண்டாவது நாற்காலியை இறந்துபோன தன் மனைவிக்காகத் தானே கொண்டுவந்து போட்டதாகவும் சொல்லியிருப்பதாகச் சார்ஜன் ஜெயராஜ் எனக்குத் தெரிவித்தார். அதைக் கேட்டதும் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சார்ஜன் கொடுத்தார்.

அவர் சொல்லியிருப்பது சரியில்லை. நான் அங்கே இருந்தேன். லோரி வருவதற்கு முன்பிருந்தே இருந்தேன், அவர் விழும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்படிச் சொன்னால் சாலை மறியலில் என் பெயரும் சேரும் என்றும், தேநீர் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டால் சாட்சியாக மட்டும் இருக்கலாம் என்றும் சார்ஜன் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது. அவரைத் தனியாக உட்காரவிட்டார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் உயிரோடு இருக்கும்போது, அவர் தனியாக உட்கார்ந்திருந்தார் என்று போலீஸ் பதிவில் இருக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

திரு. கிரிகரியை இன்று மாலை ஜாமீனில் விடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அவரை அழைத்துப்போக வேறு யாரும் வரவில்லை. அதுவரை வெளியே உள்ள பெஞ்சில் உட்கார்ந்திருக்க அனுமதி கேட்டேன். சார்ஜன் சம்மதித்தார். நேரமாகுமே என்று கேட்டார். பரவாயில்லை என்று சொன்னேன்.

இவ்வளவும் நான் நேரில் பார்த்ததும் செய்ததும்தான். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "உட்கார்ந்திருந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதியிருந்த ஓர் இடத்தை "உட்கார்ந்திருந்தேன்" என்று திருத்தச் சொன்னேன். திருத்தினார்கள். மற்றபடி அனைத்தும் சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
புனிதவதி த/பெ கந்தையா

எழுதிக்கொண்டவர்: சார்ஜன் ஜெயராஜ்