தவிர்த்திருக்கலாம்

உங்கள் மேஜை சுத்தமாக இருக்கிறது. அதனால்தான் இங்கே உட்கார்ந்து பேச முடிகிறது. நேற்று ஸ்டேஷனில் என்னை வைத்திருந்த அறையில், யார் யாரோ தலை சாய்த்த எண்ணெய்க் கறை சுவர் முழுக்க. நான் வாயைத் திறக்கவில்லை. அதைத் திமிர் என்று எழுதிக்கொண்டார்களாம். திமிர் இல்லை, குமட்டல்.

லாரி கம்பெனியில் என் வேலை என்ன என்று கேட்டீர்கள். பாதுகாப்பு அதிகாரி. ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பதிவு உண்டு. அதில் ஏறிய விபத்து இறங்காது. கேட்டில் உரசினாலும் சரி, ஆளே போனாலும் சரி, வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார்கள். ஆனால் ஒவ்வொரு விபத்துக்கும் பக்கத்தில் ஒரு முடிவு எழுதியிருக்கும். 'தவிர்த்திருக்கலாம்' அல்லது 'தவிர்க்க முடியாதது'. இரண்டாவது இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். முதலாவது ஓரிரு முறை வந்துவிட்டால் அந்த ஆளின் பிழைப்பில் மண் விழுந்த மாதிரி. அதை எழுதுவது நான்.

எப்படி முடிவு செய்வேன் என்றால், கேபினுக்குள் எட்டிப் பார்ப்பேன். உட்காரும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கு ரோடு மட்டும் எப்படி ஒழுங்காகத் தெரியும்? நியாயமான கேள்விதானே.

ஒரு டிரைவர் இருந்தான். வயதில் என்னைவிட மூத்தவன். எல்லோரும் அவனைப் பெரியப்பா என்று கூப்பிடுவார்கள். அப்படி ஒரு பெரியப்பா எனக்கு வாய்க்காதது என் அதிர்ஷ்டம். அவன் கேபின் கதவைத் திறந்தால் ஊறிப்போன காலுறை நாற்றம் முகத்தில் அறையும். சீட்டுக்கு அடியில் கடித்துப் போட்ட எலும்பு. கியர் பக்கத்தில் ஒரு பாட்டில், அதில் பாதிக்குப் புகையிலை எச்சில். லாரி திரும்பும்போது அது உள்ளே மெல்ல ஆடும்.

அவன் ஓட்டிக்கொண்டிருந்த அந்த வண்டியைப் பற்றி முதலில் சொன்னது அவன்தான். ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு வந்தான்.

"பிரேக் புடிச்சா வண்டி இடது பக்கமா இழுக்குது சார். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிடுங்க."

தாள் முழுக்க அவன் விரல் பட்ட பிசுக்கு. இரண்டு விரலால் பிடித்துப் படித்தேன். ஆமாம், படித்தேன். படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டுக் கை கழுவிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்ப அதன் மேல் என் முத்திரையைக் குத்த மனசு வரவில்லை.

பிறகு வண்டி இடது பக்கம் இழுத்து ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியது. 'தவிர்த்திருக்கலாம்' என்று எழுதினேன். அடுத்தது ஒரு கிடங்குச் சுவர். அதற்கும் அதையே எழுதினேன். கம்பெனி அவனை அனுப்பிவிட்டது. கடைசியாக என்னிடம் வந்து நின்றான்.

"நான் அப்பவே எழுதிக் குடுத்தேனே சார். நீங்க இப்படி எழுதி வெச்சா வெளியில எவன் எனக்கு ஸ்டியரிங் குடுப்பான்? வீட்ல ரெண்டு பொண்ணுங்க படிக்குதுங்க."

பேசும்போது எச்சில் தெறித்து என் மேஜைக் கண்ணாடியில் விழுந்தது. அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொல்லி, இன்னொரு டிரைவருக்குக் கொடுத்தேன். மடிப்புக் கலையாத சட்டை போடுவான். அதனால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். நகம் வெட்டி, தலை சீவி, எதிரில் நின்றால் சோப்பு வாசம் வரும். கொஞ்ச நாளில் அவனும் ஒரு தாளோடு வந்தான். வெள்ளைத் தாள், முத்து முத்தான எழுத்து.

"வண்டி இடது பக்கம் இழுக்குது சார். பெரியப்பா சொன்னது நெஜந்தான் போல."

நான் உடனே நம்பினேன். மாப்பிள்ளை பொய் சொல்ல மாட்டான். ஆனால் நீங்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினால் கோளாறு வெளியே வரும். வந்தால் அந்த ஆளின் பதிவில் நான் எழுதிய இரண்டையும் அடித்துத் திருத்த வேண்டும். திருத்தினால் அவனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். அந்த வாயும் அந்தப் பாட்டிலும் மறுபடி என் எதிரில். என்னால் முடியாது என்று எனக்கே தெரிந்தது.

அதனால் தாளை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். சில நாள் கழித்து மாப்பிள்ளையிடம், "ஒர்க்‌ஷாப்ல பாத்துட்டாங்கப்பா. பிரேக்ல ஒண்ணும் இல்லையாம்," என்றேன்.

"நீங்க சொன்னா சரிதான் சார்," என்று சிரித்துக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

சந்தைக்கு இறங்கும் சரிவில், இடது பக்கம் இருந்த பஸ் நிறுத்தத்தில் வண்டி ஏறியது. ஓர் அம்மா, அவள் தங்கை, தங்கையின் சின்ன மகள். மூன்று பேரும் போய்விட்டார்கள். மாப்பிள்ளை அன்றிலிருந்து யாரிடமும் பேசுவதில்லை என்றார்கள். அவன் பதிவில் 'தவிர்க்க முடியாதது' என்றுதான் எழுதியிருக்கிறேன். அவனுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

அன்று சாயங்காலமே அந்தப் பெரியப்பா என் அறைக்கு வந்தான். எந்தக் கம்பெனியும் சேர்க்காததால் சந்தையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். சத்தம் கேட்டு ஓடி, சக்கரத்துக்கு அடியிலிருந்து அந்தக் குழந்தையை இழுத்து, ஆஸ்பத்திரி வரை மார்பில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனவன் அவன்தான். அது வழியிலேயே போய்விட்டதாம்.

"அந்தப் பிரேக்குதான சார்?" என்று கேட்டான். கத்தவில்லை. அழுதுகொண்டே கேட்டான்.

அந்தப் பிரேக்தான். எனக்குத் தெரியும். இரண்டு பேர் எழுதிக் கொடுத்து, இரண்டு முறையும் படித்துத் தெரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான். வாட்ச்மேனைக் கூப்பிட்டு அவனை வெளியே தள்ளச் சொன்னேன். அவன் சட்டை கழுத்திலிருந்து இடுப்பு வரை நனைந்து, பாதி காய்ந்து, ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சட்டையோடு ஓர் ஆள் ஆபீசுக்குள் வரலாமா? நீங்களே சொல்லுங்கள்.