ராமப்பனின் துண்டுப் படம்

புளி மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் எத்தனை தடவை சுண்ணாம்பு அடித்தாலும் அந்த வாசனை போவதில்லை ஐயா. ராயக்கோட்டை சாலையில் நான் வாடகைக்குப் பிடித்திருந்த கிடங்கும் அப்படித்தான். என் சினிமாப் பயிற்சிப் பள்ளி அங்கேதான் நடந்தது. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பார்கள். அதை நான் கவனித்துக்கொள்வேன். யாருடைய முகத்தில் அருவருப்பு நிஜமாக வருகிறது, யார் சும்மா சுளிக்கிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

சேலத்தில் ஒரு ஸ்டூடியோவில் பல வருஷம் உதவி டைரக்டராக இருந்தவன் நான். மாதச் சம்பளம், மத்தியானச் சாப்பாடு எல்லாம் உண்டு. அந்தக் காலம் போய்விட்டது. இப்போது படத்துக்குப் படம் கூப்பிடுகிறார்கள். படம் முடிந்தால் வெளியே போ என்கிறார்கள். மறுபடி கூப்பிட வேண்டுமானால் உன் முகம் அவர்கள் மனதில் நிற்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லித் தருவார்கள்? நான் சொல்லித் தந்தேன்.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் எப்படி நிற்பது, எந்த வேலைக்கும் முடியாது என்று சொல்லாமல் இருப்பது, டைரக்டர் ‘கட்’ சொல்லும்வரை உயிர் போனாலும் காமிராவை நிறுத்தாமல் சுற்றுவது. எல்லாம் சொல்லித் தந்தேன். எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் நாக்கில் இருக்கும். மதராஸிலும் பெங்களூரிலும் அது பெரிய சௌகரியம். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுப் படம் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்புவது என் வழக்கம். கம்பெனிக்காரன் பேச்சைக் கேட்க மாட்டான், படத்தைப் பார்ப்பான்.

எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான். பொய்யழுகை. கிளிசரினைக் கண்ணில் விட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சி, உதட்டைக் கோணி அழுவார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். பவுடர் கரைந்து கன்னத்தில் வெள்ளைச் சேறாக வழியும். எத்தனையோ நாள் பின்பக்கம் போய் வாந்தி எடுத்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கலாம்.

காவேரிப்பட்டினத்திலிருந்து முனிலட்சுமி என்று ஒரு பெண் வந்தாள். புருஷன் விட்டுப் போனவள். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்து போவாள். நல்ல கண். ஆனால் அழச் சொன்னால் அதே கிளிசரின் கோணல். ஒரு நாள், என்னிடம் காமிரா பழகிக்கொண்டிருந்த திம்மப்பனைக் காமிராவில் நிற்க வைத்துவிட்டு, நான் அவளிடம் போய்க் குழந்தை கிணற்றில் விழுந்துவிட்டது என்று ஊரிலிருந்து ஆள் வந்திருப்பதாகச் சொன்னேன். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் முகத்தில் அப்போது வந்ததை இந்தத் தொழிலில் நான் அதுவரை பார்த்ததில்லை. பிலிம் துண்டு தீரும்வரை எடுத்துவிட்டு, பொய் என்று சொன்னேன். தரையிலேயே வாந்தி எடுத்தாள். எழுந்து வந்து என்னைக் கும்பிட்டாள். எதற்குக் கும்பிட்டாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு மதராஸில் கூப்பிட்டார்கள். போனவள் வாரம் திரும்புவதற்குள் வந்துவிட்டாள்.

“அழச் சொன்னாங்க சார். வரவே இல்ல. இப்ப வூட்ல கூட வர மாட்டேங்குது” என்றாள்.

அது அவள் பலவீனம். என் முறையில் தவறு இல்லை என்பதற்குப் படம் இருந்தது.

ராமப்பன் வேப்பனப்பள்ளிக்காரன். மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். தகப்பனார் இல்லை, தாயார் நஞ்சம்மாதான் எல்லாம். அணைக்கட்டு வேலைக்குப் போ என்று மாமன்மார் சொல்லியும் கேட்காமல் ஸ்டண்ட் ஆளாக வேண்டும் என்று என்னிடம் வந்தான். பயம் என்பதே கிடையாது அவனுக்கு. ஊரில் எல்லோரும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய தலைவலி. பயப்படாத முகத்தைக் காமிராவில் வைத்து என்ன செய்வது?

அவனுடைய துண்டுப் படத்துக்காக முந்தாநாள் காலையில் மலைமேல் ஏறினோம். அவன், திம்மப்பன், நான், மூன்று பேர்தான். ஒருவன் பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான், பிடி நழுவுகிறது. அவ்வளவுதான் காட்சி. சட்டைக்குள் இடுப்பில் கயிறு. மறுமுனையை மேலே ஒரு பாறைக் கொம்பில் நானே கட்டினேன். திம்மப்பன் பக்கவாட்டில், காமிராவோடு. கீழே கருங்கல்.

ராமப்பன் தொங்கினான். சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.

“ராமப்பா, சாகப் போறவன் மூஞ்சியாடா இது?” என்றேன்.

“கயிறு இருக்குதே சார். எப்பிடிப் பயம் வரும்?”

நியாயமான கேள்வி. இரண்டாம் தடவை கண்ணை உருட்டினான், பல்லைக் கடித்தான், தெருக்கூத்து ராட்சசன் மாதிரி முனகினான். உச்சி எண்ணெய் உருகி நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. இந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மதராஸ் போனால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அவன் ஆயுசு முழுக்கத் தோப்பில் மாங்காய் பொறுக்குவான். என்னை நம்பி வந்தவனை அப்படி அனுப்ப மனம் வரவில்லை.

மூன்றாம் தடவை திம்மப்பனைச் சுற்றச் சொல்லிவிட்டு மேலே போனேன். கயிற்றை அவிழ்த்தேன். காமிராவுக்குத் தெரியாதபடி அவன் முதுகுப் பக்கமாக விட்டேன். பிறகு விளிம்பில் குப்புறப் படுத்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

இடுப்பில் கயிற்றின் இழுப்பு மாறியதை முதலில் அவன் உடம்புதான் அறிந்தது. அப்புறம் கண். முகம் என்று நாம் சொல்வதெல்லாம் கழன்று விழுந்து, உள்ளே இருந்தது மட்டும் வெளியே வந்தது. அவனுக்குத் தமிழ் போய்விட்டது.

“செய்யி... செய்யி இவ்வண்டி சார்” என்றான்.

தெலுங்கில் செய்யி என்றால் கை. கையைக் கொடுங்கள் என்று கேட்டான். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அவன் விரல் நகத்தில் இருந்த மண் எனக்குத் தெரிந்தது. திம்மப்பன் காமிராவிலிருந்து கண்ணை எடுக்காமல், “சார், சார்” என்றான். “சுத்து” என்றேன். சுற்றினான். நல்ல மாணவன்.

நான் கை கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் கை படத்தில் விழுந்திருக்கும்.

திம்மப்பன் வாக்குமூலத்தில் உங்களிடம், முடிச்சு அவிழ்ந்துவிட்டது, சார் கையை நீட்டுவதற்குள் விழுந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. காமிராவுக்குள் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதை அவனாக நினைத்துக்கொண்டான்.

நேற்று நஞ்சம்மா இந்த ஸ்டேஷன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அழவில்லை. புடவை முந்தானையில் பிரிந்திருந்த ஒரு நூலை இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நூல் நீண்டுகொண்டே போனது. என்னைப் பார்த்ததும், “எம்பையன் உங்களப் பத்தியே பேசுவான் சார். கடசி வரைக்கும் பக்கத்துல இருந்தீங்களே, அது போதும்” என்றார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கை ஈரமாக, பிசுபிசுவென்று இருந்தது. போன பிறகு குழாயடியில் நெடுநேரம் கையைக் கழுவினேன். உங்கள் கான்ஸ்டபிள் பார்த்தார். துக்கத்தில் முகம் கழுவுகிறான் என்று நினைத்திருப்பார்.

விபத்து என்று எழுதி முடிக்கப் போகிறீர்கள் என்று தெரியும். முடிந்திருக்கும். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இன்று காலை நீங்கள் என்ன செய்தீர்கள் ஐயா? காமிராப் பெட்டியைத் திறந்து, கழுவாத பிலிமை உருவி, ஜன்னல் வெயிலில் தூக்கிப் பிடித்து, ‘ஒண்ணும் இல்லியே’ என்றீர்கள். இருந்தது. நீங்கள் பிடித்த அந்த நொடிவரை இருந்தது. வெளிச்சம் பட்டதும் எல்லாம் அழிந்து போய்விட்டது. உங்கள் கட்டைவிரல் எண்ணெய் அதில் படிந்திருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த அருவருப்பு, மலைமேல்கூட வரவில்லை.

இனி அதைச் சொல்ல என் வாய் மட்டும்தான் இருக்கிறது. விபத்து என்று நீங்கள் எழுதினால், அந்த முகம் தற்செயலாக வந்தது என்று ஆகிவிடும். தற்செயல் இல்லை. கயிற்றை அவிழ்த்தவன் நான். விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ராமப்பன் அன்றைக்கு என் பரீட்சையில் தேறிவிட்டான். எந்தக் கம்பெனிக்காரர் வந்து கேட்டாலும், அவனைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் சொல்வேன்.