நாணலுக்குள் இன்னும் ஒரு குருகு

தலைமையேற்றிருக்கும் பறவை நோக்கர் மன்றத் தலைவரே, என் தங்கையின் கணவரே! முன்வரிசை மூத்தோரே! குளிரையும் பாராமல் குழந்தைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே! பரிசுக்குக் காத்திருக்கும் புகைப்படக்காரரே! அனைவருக்கும் வணக்கம்.

வாழ்த்துரைக்கு அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை.

எனக்குப் பின்னால் பாருங்கள். பதாகையில் கழுத்தை நீட்டி நிற்கும் இந்தக் குருகைப் பார்த்துக் கைதட்டினீர்கள். நாணலை விட்டுத் தலைகாட்டாத கூச்சக்காரப் பறவை, வெட்டவெளிக்கு ஏன் வந்தது? விருந்துக்கா? நம் கேமராவுக்கு முகம் காட்டவா?

கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டார்கள், ஐயா! தன் இடத்தைப் பறிக்க இன்னொரு குருகு வந்துவிட்டதென்று பதறி வந்தது. தேடியது, திரும்பியது. மறுபடி ஒலித்தது, மறுபடி வந்தது. படம் சரியாக விழவில்லையென்று மறுநாளும் ஒலித்தது. இந்தக் குளிர் நாட்டில் ஏரிக்கரையே உறைந்து மீன் அரிதான பருவம். இரை தேடும் பொழுதையெல்லாம் இல்லாத எதிரியைத் தேடியே தொலைத்தது. செத்துக் கிடந்ததை நான்தான் தூக்கினேன். கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தியது.

தலைவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிப் பார்த்தார்.

"வெறும் சத்தம் மச்சான். சத்தம் எங்கயாவது கொல்லுமா?"

"மாப்ள, உங்க வாசல்ல ஒருத்தன் நின்னு, 'இது என் வீடு, வெளிய வாடா'ன்னு கத்திக்கிட்டே இருக்கான். கதவத் திறந்தா ஆளக் காணோம். சாப்பாடு எறங்குமா உங்களுக்கு?"

உடலை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டார்.

என் தங்கை அங்கிருந்து "போதும்ணே, உக்காரு" என்று கைகாட்டுகிறாள். சொல்லிவிட்டு உட்காருகிறேன், அம்மா.

பின்வரிசையில் யாரோ, ஒரு பறவைதானே என்கிறீர்கள். அதே நாணலில் இன்னொன்று இருக்கிறது, தம்பி! அதையும் நாளைக் காலை விருந்தினருக்கு வரவழைத்துக் காட்டுவதாக அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். துப்பாக்கி தூக்கியவனை விரட்டிய மன்றம் இது! அவனாவது தன்னை வேடன் என்று ஒப்புக்கொண்டான். நாம் யார்? நம் பெயர் என்ன?

ஏரிக்குள் போகும் வாசற்கதவின் சாவி மன்றத்தின் மூத்த உறுப்பினரிடம், அதாவது என்னிடம், இருப்பது நம் வழக்கம். பூட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறேன். குளிர் தீர்ந்து, அந்தக் குருகு வயிறு நிறைந்து தானாகக் கிளம்பும்வரை கதவு திறக்காது. கெஞ்சினாலும் திறக்காது, மிரட்டினாலும் திறக்காது.

என்னை மன்றத்திலிருந்து நீக்கலாம். தாராளமாக நீக்குங்கள். எனக்கு அடுத்த மூத்த உறுப்பினர் நீங்கள்தான், தலைவரே. சாவி உங்கள் கைக்கு வரும். அந்தக் கனமில்லாத உடலை வாங்கிப் பார்த்தீர்களே, அதே கைக்கு.

பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. பொறுக்காதவர்களுக்கும் என் வணக்கம்.